இரண்டு மஞ்சள் ஸ்டிக்கர்

விமான நிலைய வாசலில் தமிழ் பேசும் பயணிகளுக்கான சுற்றுலாப் பேருந்து தயாராக நின்றது. படியோரம் நின்ற வழிகாட்டிப் பெண், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், "எத்தனை பேரு?" என்று கேட்டாள். புரூஃப் அக்கா யோசிக்காமல் "ரெண்டு" என்றாள்.

யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் ஓட்டலிலும் அந்தக் கேள்விக்கு அவள் சொல்லிவந்த பதில் அதுதான். நடுவில் பையன் கூட இருந்த வருஷங்களில் மூன்று, அவன் வெளிநாடு போனபின் மறுபடியும் இரண்டு. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் வழிகாட்டி, சுருளிலிருந்து வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் இரண்டைக் கிழித்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டாள். இன்னொரு கையில் இருந்த, ஆள் எண்ணும் சின்னக் கருவியை 'டிக், டிக்' என்று இரண்டு முறை அமுக்கிவிட்டு, "அடுத்து?" என்றாள்.

திரும்பிப் போய், "ஒண்ணு போதும்மா" என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் அவள். புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் பென்சில் அங்கே போய் நிற்கும். புரூஃப் அக்கா என்ற பேர் அங்கே வந்து, தெருவரைக்கும் கூட வந்து ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவள், பிழை என்று தெரிந்தும் ஒன்றைத் திருத்தாமல் கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள்.

அவள் கணவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். ஊரில் உள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடியவை. அவர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இந்தப் பயணமே இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்தான். பையன் வீட்டுக்குப் போகும் வழியில் விமானம் மாற அரை நாள் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் பயணிகளை இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்களாம் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். "ஏர்போர்ட்ல உக்காந்து கொட்டாவி விடறதுக்குப் பதிலா ஒரு துறைமுகத்தையே பாத்துட்டு வந்துடலாம்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போன செய்தியை அவள் இதுவரை யாரிடமும் தன் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவும் இல்லை. உறவுக்காரர்களுக்குத் தம்பி போன் செய்தான். பையனுக்கு நர்ஸ் சொன்னாள். இரங்கல் அறிவிப்பை அவளுடைய அச்சகத்திலேயே அடித்தார்கள். அதைக்கூட அவளிடம் காட்டினார்கள், பழக்கதோஷம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தாள். ஆனால் அந்த வார்த்தையை நாக்கு மட்டும் தொடவேயில்லை. தெரிந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இந்தப் பேருந்திலோ யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த ஒரு பேருந்தில் மட்டும் அவர் இன்னும் இருக்கிறார். அவளுக்கு அது வெயிலில் நடந்து வந்தவள் நிழலில் கால் வைத்ததுபோல இருந்தது.

ஜன்னலோரத்தை விட்டுவிட்டு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தாள். விமானக் குளிருக்கென்று எடுத்துவந்த அவருடைய காப்பிக் கலர் ஸ்வெட்டரை ஜன்னலோரத்து இருக்கையில், தன் பெரிய பையின் மேல் போர்த்திவிட்டாள். ஒரு ஸ்டிக்கரைத் தன் தோளிலும் மற்றதை ஸ்வெட்டர் தோளிலும் ஒட்டினாள். முதுகு உயரமான இருக்கை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு மனிதர் ஜன்னலில் சாய்ந்து கண்ணயர்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

வழிகாட்டி கருவியை அமுக்கிக்கொண்டே நடைவழியில் வந்தாள். "யாரும் ஸ்டிக்கரைப் பிச்சிடாதீங்க. நான் தலையை எண்ணமாட்டேன், ஸ்டிக்கரைத்தான் எண்ணுவேன். ஒரு தடவை தலையை எண்ணி, வேற குரூப் ஆள் ஒருத்தரை ஏத்திக்கிட்டு வந்துட்டேன்."

"அந்த ஆள் இறங்கவே மாட்டேன்னாரு, நம்ம மேடம் பேச்சு அவ்வளவு இனிமை" என்றார் ஓட்டுநர் முன்னாலிருந்து.

"அண்ணே, நீங்க ரோட்டைப் பாருங்க."

"வண்டி இன்னும் கிளம்பவே இல்ல தங்கச்சி."

புரூஃப் அக்காவின் இருக்கைக்கு வந்ததும் வழிகாட்டி குரலைத் தாழ்த்தினாள். "சார் தூங்கறாரா?"

"ஆமா. ராத்திரி பூரா தூங்கல."

அது பொய் இல்லை. அந்தக் கடைசி ராத்திரி அவர் தூங்கவே இல்லை. 'டிக், டிக்' என்று அமுக்கிவிட்டு வழிகாட்டி நகர்ந்தாள்.

பின் இருக்கையில் கழுத்தைச் சுற்றிக் குட்டித் தலையணை மாட்டிய ஒரு பெரியவர் இருந்தார். விமானத்தில் மாட்டியதைக் கழற்ற மனம் வரவில்லை போலும். அவர் எட்டிப் புதினா மிட்டாய்களை நீட்டினார். "இந்தாங்கம்மா. சார் எழுந்தா ஒண்ணு குடுங்க, வாய் கசக்கும்." அவள் இரண்டு மிட்டாய் வாங்கிக்கொண்டாள்.

நடைவழிக்கு அந்தப்பக்கம் ஒரு மாமியாரும் மருமகளும். ஒருவர் ஜன்னலைத் திற என்கிறார், இன்னொருத்தி ஏசி போட்டிருக்கு என்கிறாள். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால் சண்டை என்று தோன்றும். பார்த்தால் ஒரே பொட்டலத்திலிருந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

பேருந்து கிளம்பியது. விமானத்தில் பொட்டுத் தூக்கம் இல்லாத கண்ணுக்கு அந்த ஊர் தண்ணீருக்கு அடியில் தெரிகிற ஊர்போல அசைந்தது. சாலையின் இருபக்கத்துத் தூங்குமூஞ்சி மரங்களும் மேலே கைகோத்துக்கொண்டிருக்க, பேருந்து பச்சை வெளிச்சத்துக்குள் நீந்திப் போனது. இலைகளின் நிழல் ஸ்வெட்டர்மேல் ஓடியது. மூச்சு விடுகிறாரோ என்றிருந்தது.

முதலில் பழைய கிடங்குத் தெருவில் இறங்கினார்கள். பச்சை மரக்கதவுகள், உப்புக் காற்றில் உரிந்த சுண்ணாம்பு, உச்சியில் துருப்பிடித்த கப்பிகள். வழிகாட்டி எந்த வருஷம் யார் கட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புரூஃப் அக்கா காதில் அது ஏறவில்லை. ஸ்வெட்டர் கையில் இருந்தது.

'அந்தக் கப்பியப் பாரு' என்றார் அவர். 'எண்ணெய் கண்டு எத்தனை காலமோ.'

'ஆரம்பிச்சிட்டீங்களா? நல்லதா நாலு பூவைப் பாருங்க.'

'பூ எங்க போகப்போகுது.'

அடுத்து ஒரு குன்றின்மேல் தோட்டம். அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரிந்தது. கடலும் வானமும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்று தெரியாத மங்கல். கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, தொங்குகின்றனவா என்று சொல்ல முடியவில்லை. வெள்ளைப் பூக்கள் சத்தமில்லாமல் புல்லில் விழுந்தன. எங்கோ ஒரு கப்பல் ஊதியது, அந்தச் சத்தம் வந்து சேர்வதற்குள் பாதி வழியில் தூங்கிப்போனது மாதிரி இருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைத் தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும் தின்றாள்.

பேருந்தில் அவள் முதலில் ஏறி ஸ்வெட்டரை மறுபடி பைமேல் போர்த்தி உட்கார்ந்தாள்; பின்னால் ஏறிய மருமகள் கேட்டாள். "ஆன்ட்டி, அங்கிள் உங்ககூட சண்டையே போடமாட்டாரா? சத்தமே இல்லையே?"

"போடுவார். மத்தவங்க முன்னாடி போடமாட்டார்."

"குடுத்து வெச்சவங்க. எங்க வீட்ல கூட்டம் கூடினாத்தான் ஆரம்பிக்கும்."

"யாரைச் சொல்ற?" என்றார் மாமியார்.

"உங்க பையனைத்தான் அத்தை."

"அப்படின்னா சரி" என்று மாமியார் கடலையை நீட்டினார்.

கடைசி இடம், கடலுக்குள் நீண்டு கிடந்த அலைதடுப்புச் சுவர். மேலே சிமெண்ட் நடைபாதை, ஓரத்தில் இரும்புக் கம்பி வேலி, கீழே பாசி படிந்த பாறைகள். எதிர்க் கரையில் மிகப்பெரிய கிரேன்கள் வரிசையாக நின்று, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்துக் கரையில் அடுக்கின. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீட்டளவு. ஆனால் இங்கிருந்து பார்க்க யாரோ சாப்பாட்டு மேசையைச் சுத்தம் செய்வதுபோல அவ்வளவு நிதானம்.

அவள் ஸ்வெட்டரைக் கம்பிமேல் போட்டுவிட்டு, பக்கத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

'இது லிஃப்டைவிடச் சுலபம்' என்றார் அவர்.

'எப்படி?'

'பெட்டிக்குள்ள ஆள் இல்லையே. நின்னாலும் யாரும் உள்ள இருந்து கத்தமாட்டாங்க.'

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. ஒரு பெட்டி மேலே போனது, நின்றது, நகர்ந்தது, இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தாள். விமானமும் வேண்டாம், போய்ச் சேரவும் வேண்டாம். இந்தக் கம்பி வேலி, இந்த மங்கல், பக்கத்தில் அவர்.

திடீரென்று காற்று திரும்பியது. பெரிய பெரிய மழைத்துளிகள் சிமெண்டில் பட்டுத் தெறித்தன. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். அவளும் ஓடினாள். இருக்கையில் விழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசிவரை போனாள். திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாள். அவள் முகம் மாறியது.

"ஒண்ணு குறையுது." அவள் பார்வை ஜன்னலோரத்துக்கு வந்து நின்றது. "அம்மா, சார் எங்க?"

புரூஃப் அக்கா திரும்பிப் பார்த்தாள். இருக்கையில் பை மட்டும் இருந்தது. "ஐயோ, அங்கேயே விட்டுட்டேனே!"

ஸ்வெட்டரைத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன குரல் ஸ்வெட்டரைத் தொலைத்தவளின் குரல் இல்லை.

"நான் பாத்தேன்" என்றாள் மருமகள். "அந்தக் கம்பி ஓரமா, காப்பிக் கலர் ஸ்வெட்டர்."

"நானும் பாத்தேன்" என்றார் மாமியார். வாழ்க்கையில் முதல்முறையாக மருமகளோடு ஒத்துப்போனவர்போல அழுத்திச் சொன்னார். "கடலைப் பாத்துக்கிட்டு அப்படியே சாஞ்சிருந்தார்."

தலையணைப் பெரியவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். வழிகாட்டி அவர் பின்னால் ஓடினாள். "அம்மா, சார் பாக்க எப்படி இருப்பார்? சீக்கிரம் சொல்லுங்க!"

இங்கேதான் அவள் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாலு மாதமாக அவர் எப்படி இருப்பார் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. எப்படி இருந்தார் என்றுதான் கேட்டார்கள். அவளும் இறங்கி, மழையில் நின்றபடி சொன்னாள். "உயரம் இல்ல. முன்னாடி வழுக்கை. இடது கால் கொஞ்சம் இழுத்து நடப்பார். மெஷின் எதையாவது பாத்தா நின்னுடுவார், கூப்பிட்டா காதுல விழாது."

"கிரேன் பாக்கப் போயிருப்பார்!" என்று பெரியவர் ஒரு பக்கம் ஓடினார். "சார்! சார்!" என்று மருமகள் இன்னொரு பக்கம். முன்பின் தெரியாதவர்கள் மழையில் நனைந்துகொண்டு அவரைக் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, மங்கலுக்குள்ளிருந்து அவர் காலை இழுத்துக்கொண்டு, 'எதுக்கு இப்படிக் கத்தறீங்க' என்று வந்துவிடுவார் என்றே அவளுக்குப் பட்டது. அவளும் இரண்டடி எடுத்துவைத்துப் பார்த்தாள்.

வழிகாட்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். "அண்ணே, ஆபீசுக்குச் சொன்னா போலீஸ் வரும். இவங்க எல்லாருக்கும் ஃபிளைட் போயிடும். எனக்கு லைசென்ஸ் போயிடும். என்ன செய்றது சொல்லுங்க."

அப்போதுதான் சுவரின் முனையிலிருந்து பெரியவர் கத்தினார். "தண்ணில! தண்ணில கிடக்கார்!"

எல்லோரும் ஓடினார்கள். பாறைகளுக்கு அப்பால், அலை ஏறி இறங்கும் இடத்தில் காப்பிக் கலர் முதுகு ஒன்று உப்பித் தெரிந்தது. ஒரு கை நீண்டது, மடங்கியது. மாமியார் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஓட்டுநர் கம்பியருகே ஓடினார். செருப்பை உதறினார், சட்டையைக் கழற்றி வழிகாட்டியிடம் எறிந்தார், கம்பியைத் தாண்டிவிட்டார். பாசியில் கால் வழுக்கி ஒரு பாறையில் இடித்துக்கொண்டு, எழுந்து மறுபடி இறங்கினார். நல்ல பருமனான மனிதர். அடுத்த அலை அவர் முழங்காலைப் பிடித்து இழுத்தது.

"இறங்காதீங்க!" என்று புரூஃப் அக்கா கத்தினாள். "அது வெறும் ஸ்வெட்டர்! ஆள் இல்ல அதுல!"

"ஸ்வெட்டர் இங்க கிடந்தா ஆள் எங்கம்மா?" என்று ஓட்டுநர் அலைச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

நியாயமான கேள்வி. தொண்டைக்குள் நாலு மாதமாக உட்கார்ந்திருந்த வார்த்தை அசைய மறுத்தது. இன்னொரு அலை. ஓட்டுநர் இடுப்புவரை நனைந்தார்.

"செத்துப் போயிட்டார்!"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா! இப்பத்தான் விழுந்திருப்பார், புடிச்சிடலாம்!" அவர் இன்னும் ஒரு காலைக் கீழே வைத்தார்.

ஒருமுறை சொன்னது போதவில்லை. அவள் கம்பிமேல் பாதி உடம்பைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தினாள். "இப்ப இல்லங்க! நாலு மாசம் ஆச்சு! எங்க ஊர் ஆஸ்பத்திரியில. நான் பக்கத்துல இருந்தேன், என் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் போனார். நான் தனியாத்தான் வந்தேன். நான் ஒருத்திதான். ரெண்டு பேர்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். மேல வாங்க, உங்களைக் கும்பிடறேன், மேல வந்துடுங்க!"

ஓட்டுநர் பாறையைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். மழை அவர் முகத்தில் விழுந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, தவழ்ந்து தவழ்ந்து மேலே ஏறினார். முழங்காலில் ரத்தம். ஸ்வெட்டர் இன்னும் இரண்டு அலைக்கு ஆடிவிட்டு, பாறைகளுக்கு அடியில் போனது. அப்புறம் தெரியவில்லை.

வழிகாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். "உங்களுக்கு என்னம்மா, சொல்லிட்டீங்க! அண்ணன் செத்திருப்பார்! ரெண்டு பிள்ளைங்க அவருக்கு! என் பொழப்பு போயிருக்கும்! ஒரு வார்த்தை, முன்னாடியே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" திட்டத் தொடங்கியவள் பாதியில் அழுதுவிட்டாள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள் புரூஃப் அக்கா. தன் கைக்குட்டையை எடுத்து ஓட்டுநரின் முழங்காலில் கட்டக் குனிந்தாள். அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார். பிறகு நீட்டினார்.

"விடு தங்கச்சி" என்றார் வழிகாட்டியிடம். "ரொம்ப நாளா குளிக்கணும்னு நெனச்ச கடல்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பேருந்துக்கு நடக்க அது போதுமானதாக இருந்தது.

வைப்பர் ஆட, பேருந்து கிளம்பியது. தலையணைப் பெரியவரின் தலையணை நனைந்து ஊறித் தொங்கியது. அவர்தான் பின்னாலிருந்து, மனத்தாங்கலோடு சொன்னார். "நான் அவரைத் தேடி ஓடினேனே. இதோ இங்கதான் நிக்கிறார்னு எனக்கு அவ்வளவு நிச்சயமா இருந்துச்சு. இப்ப என்னமோ, தெரிஞ்சவர் ஒருத்தர் போயிட்ட மாதிரி இருக்கு."

"தெரிஞ்சவர்தான்" என்றாள் புரூஃப் அக்கா. "நீங்க குடுத்த மிட்டாயை நான்தான் தின்னேன். மன்னிச்சிடுங்க."

மாமியார் தன் இடத்தை விட்டு எழுந்து வந்தார். "கொஞ்சம் தள்ளும்மா" என்றார். புரூஃப் அக்கா பையைக் கீழே இறக்கிவிட்டு ஜன்னலோரத்துக்கு நகர்ந்தாள். அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக, சமையல் குறிப்புக் கேட்பவர்போலக் கேட்டார். "எப்படிப் போனார்?"

இதுவரை யாரும் அவளிடம் நேருக்கு நேர் கேட்காத கேள்வி. ஊரில் எல்லோருக்கும் தம்பி சொல்லியிருந்தான்.

"நெஞ்சு வலின்னு சேத்தோம்" என்று ஆரம்பித்தாள். "நாலாவது மாடி வார்டு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி லிஃப்ட் போறதையும் வர்றதையும் கேட்டுக்கிட்டே இருந்தார். மூணாவது மாடியைத் தாண்டறப்ப அது ஒரு தட்டு தட்டுதாம். எனக்கு ஒண்ணும் கேக்கல. 'யார்கிட்டயாவது சொல்லிடு, ஆள் ஏறி இறங்கற எடம்'னார். தூங்குங்கன்னு நான் அதட்டினேன்."

"ஆம்பளைங்க அப்படித்தான்" என்றார் மாமியார். "அப்புறம்?"

மருமகள் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தாள். வழிகாட்டி முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள், கோபம் தீரவில்லை. ஆனால் கையில் இருந்த மைக்கை அவள் அணைத்துவிட்டிருந்தாள். வெளியே அவள் சொல்லவேண்டிய கட்டடங்களும் சிலைகளும் மழையில் கரைந்து கரைந்து பின்னால் போயின.

"விடியறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சார். 'சொல்லிட்டியா?'ன்னு கேட்டார். சொல்லிட்டேன்னேன். சொல்லல, சும்மா சொன்னேன். 'ஆங், அதான் இப்ப சத்தம் இல்ல'ன்னார். அவ்வளவுதான். முகம் அப்படியே தெளிவா இருந்துச்சு."

மாமியார் பிடித்த கையை விடவில்லை.

"இது உங்க பையனுக்குத் தெரியுமா ஆன்ட்டி?" என்றாள் மருமகள்.

"தெரியாது. அவன் கேட்டப்ப எல்லாம் போனைத் தம்பிகிட்ட குடுத்துட்டேன்."

விமான நிலையத்தின் கூரை மழைக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. பேருந்து நின்றது. கதவு திறந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, அவள் சொல்லி முடித்துவிட்டாளா இல்லையா என்று பார்ப்பதுபோல.

"இறங்குங்க" என்றாள் வழிகாட்டி, திரும்பாமலே. பிறகு எழுந்து வந்து புரூஃப் அக்காவின் பெரிய பையைத் தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "நேரமாச்சு. பையன் காத்துட்டிருப்பார். எல்லாத்தையும் அப்படியே சொல்லுங்க, ஒண்ணு விடாம."

"சொல்றேன்" என்று புரூஃப் அக்கா எழுந்தாள்.